மின்னூட்டம், மின்புலம், மின்னழுத்தம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 21 நாள் வழிகாட்டி

போன ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், அக்காள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலை என் முன்னால் விரித்துவைத்து, “சித்தி, மின்னழுத்தம் சுழியாக இருக்கும் இடத்தில் மின்புலமும் சுழிதானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாள் வகுப்புத் தேர்வில் அதே கேள்வி வந்தது. நான் சொன்னதை எழுதி மதிப்பெண்ணை இழந்து வந்தாள். அவள் என்மேல் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பள்ளியில் இதே பாடத்தை ஒரு சூத்திரம் பிசகாமல் ஒப்பித்துத் தேறியவள் நான். ஒப்பித்தது அப்படியே நினைவில் இருந்தது. அதன் பொருள் மட்டும் ஒருநாளும் மனத்தில் பதிந்திருக்கவில்லை.

அன்று முதல் இருவரும் அடியிலிருந்து தொடங்கினோம். ஐந்து வாரம் பிடித்தது. அதில் பாதிக்கு மேல், எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வீணானது. இப்போது வழி தெரியும். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 21 நாளில் முடித்துவிடலாம்: மின்னூட்டத்துக்கு 2 நாள், கூலூம் விதிக்கு 3, மின்புலத்துக்கு 5, மின்னழுத்தத்துக்கு 6, எல்லாவற்றையும் ஒரே தாளில் இணைக்கும் நான்கு கட்டத்துக்கு 1, கடத்திக்கு 2, கடைசியில் சரிபார்க்க 2. மின்னழுத்தத்துக்கு ஏன் அத்தனை நாள் என்று நினைக்கவேண்டாம். பெரும்பாலானவர்கள் இடறுவது அங்கேதான்.

1. மேசைமேல் முதலில் இருக்கவேண்டியவை

நூல்கள் இரண்டு போதும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியில் முதல் அலகே நிலைமின்னியல்தான், அதாவது ஓடாமல் நிற்கும் மின்னூட்டங்களைப் பற்றிய பாடம். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டு பதிப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாவது, என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல். அதில் முதல் இரண்டு அத்தியாயங்கள் மட்டும் வேண்டும்; அதுவும் இலவசம். இவை இரண்டையும் முடிக்கும் முன்னால் தடித்த வினாவங்கி எதையும் விலைகொடுத்து வாங்காதீர்கள். நாங்கள் வாங்கிய ஒன்று, பாதிப் பக்கம் புரட்டப்படாமலே அலமாரியில் இருக்கிறது.

கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில், மின்னூட்டங்களையும் புலத்தையும் திரையில் நகர்த்திப் பார்க்கும் செயலி ஒன்று உண்டு. கட்டணம் இல்லை. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாதபோதும் ஓடும். ஆறாம் படிக்கு வரும்போது அது பெரிய துணை.

கையால் செய்யும் சோதனைகளுக்கு எங்களுக்கு ஆன செலவு இது: டிஜிட்டல் மல்டிமீட்டர் 250 ரூபாய், 9 வோல்ட் பேட்டரியும் அதற்கான தொப்பிக் கவ்வியும் 60, கவ்வி வைத்த வயர்கள் 50, ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டு 80, ஒட்டும் டேப் 20, அரை மீட்டர் பிவிசி குழாய் 20, கிராஃப் தாள்கள் 10. மொத்தம் 490 ரூபாய். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் பாதியாகக் குறைந்துவிடும். எலக்ட்ரீஷியன் யாரிடமாவது ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினாலும் போதும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தையும் தனியாக எடுத்துவையுங்கள். அதில் சூத்திரம் எழுதக் கூடாது. ஒவ்வொரு நாளும் படித்ததை உங்கள் சொந்த வாக்கியத்தில் நான்கு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால், அந்த நாள் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

2. சொற்களை முதலிலேயே பிரித்துவையுங்கள்

தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு இந்தப் பாடத்தில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. மின்னூட்டம் வேறு, மின்னோட்டம் வேறு. ஒரே ஒரு எழுத்து மாறுகிறது. முதலாவது, ஒரு பொருளில் இருப்பது, கூலூமில் அளக்கிறோம். இரண்டாவது, நொடிக்கு எவ்வளவு மின்னூட்டம் ஓடுகிறது என்பது, ஆம்பியரில் அளக்கிறோம். அவசரத்தில் கேள்வியைத் தவறாகப் படித்து, நிலைமின்னியல் கணக்குக்கு, மின்னோட்டத்துக்கு உரிய ஓமின் விதியைப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில நூல்களில் மின்னூட்டத்தை மின்துகள் என்றும் மின்சுமை என்றும் எழுதியிருப்பார்கள்; இலங்கை நூல்களில் மின்னேற்றம் என்று இருக்கும். எல்லாம் ஒன்றுதான்.

இன்னொரு பொறி, மின்னழுத்தம் என்ற சொல்லிலேயே இருக்கும் ‘அழுத்தம்’. அதைக் கேட்டதும் ஏதோ அழுத்துகிறது, தள்ளுகிறது என்று மனம் போய்விடுகிறது. மின்னழுத்தம் விசை அல்ல. அதற்குத் திசையும் கிடையாது. அது ஒரு கூலூமுக்கு எத்தனை ஜூல் என்ற கணக்கு. ஆங்கில வழிக்கு மாறப்போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே மின்னழுத்தம் பொட்டென்ஷியல், நிலையாற்றல் பொட்டென்ஷியல் எனர்ஜி. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் அங்கே குழம்புகிறவர்கள் ஏராளம். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது நமக்குக் கிடைத்த வசதி. அதை விட்டுவிடாதீர்கள்.

3. மின்னூட்டத்தைக் கையால் தொட்டு அறியுங்கள்

சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்தை இழுக்கும் சோதனையோடு எல்லா நூலும் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் அது ஒருநாளும் ஓடவில்லை. காரணம் இரண்டு. தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் சீப்பு மின்னூட்டம் பெறுவதே அரிது. அடுத்தது காற்றின் ஈரம். நாங்கள் இருப்பது நாகப்பட்டினத்தில். கடற்கரை ஊரில், அதுவும் மழைக்காலத்தில், பொருளின் மேற்பரப்பில் படியும் ஈரத்தின் வழியே மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. மழை இல்லாத நாளில், வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். பொருள்களை அரை மணி நேரம் வெயிலில் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

ஒட்டும் டேப் ஏமாற்றாது. ஒரு சாண் நீளத்தில் இரண்டு துண்டுகளை மேசைமேல் ஒட்டி, இரண்டையும் வெடுக்கென்று உரித்து, எதிரெதிரே தொங்கவிடுங்கள். ஒன்றையொன்று விலக்கும். அடுத்து, ஒரு துண்டை மேசைமேல் ஒட்டி, அதன் முதுகில் இன்னொன்றை ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்தே மெல்ல எடுத்து, முழு நீளமும் விரலால் தடவிவிட்டு, பிறகு ஒன்றிலிருந்து ஒன்றை உரியுங்கள். இப்போது அவை ஈர்க்கும். உரிக்கும்போது ஒன்றிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான் மற்றொன்றுக்குப் போய்விடுகிறது. ஒன்றில் எவ்வளவு மிகையோ, மற்றொன்றில் அவ்வளவு குறை. மின்னூட்டம் புதிதாகப் பிறக்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. மின்னூட்ட அழிவின்மை விதி என்று நூல் சொல்வதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி. உங்கள் விரலை அருகில் கொண்டுபோனால் எந்தத் துண்டும் விரலை நோக்கி வரும். விரலில் மின்னூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? கூடாது. டேப்பின் மின்னூட்டம் விரலுக்குள் இருக்கும் நேர், எதிர் மின்னூட்டங்களைச் சற்றே பிரிக்கிறது. எதிரினம் அருகே வர, ஓரினம் தள்ளிப்போக, ஈர்ப்பு மேலோங்குகிறது. ஆகவே ஈர்ப்பு எதையும் உறுதிசெய்யாது. இரண்டு பொருளும் மின்னூட்டம் பெற்றவை என்பதற்கு விலக்கல் மட்டுமே சான்று. தேர்வில் இது பல உருவங்களில் வரும்.

அளவுகளைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலூம். ஒரு கூலூமுக்கு ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான் வேண்டும். தேய்த்து உண்டாக்கும் மின்னூட்டமெல்லாம் நானோகூலூம் அளவில்தான் இருக்கும்.

4. கூலூம் விதி: எண்ணுக்கு முன் விகிதம்

விசை, இரு மின்னூட்டங்களின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதம். தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதம். எண் போடும் முன்னால் முழுதாக ஒருநாள் விகிதக் கேள்விகளை மட்டும் போடுங்கள். தொலைவு இருமடங்கானால் விசை கால் பங்கு. ஒரு மின்னூட்டம் மும்மடங்காகித் தொலைவும் மும்மடங்கானால் விசை மூன்றில் ஒன்று. காகிதம் இல்லாமல் வாயால் சொல்லும் வரை விடாதீர்கள்.

பிறகு மாறிலி: 9 × 10⁹. இது எவ்வளவு பெரியது என்று உணர ஒரு கணக்கு. ஒரு கூலூம், இன்னொரு கூலூம், நடுவே ஒரு மீட்டர். விசை 9 × 10⁹ நியூட்டன். ஒன்பது லட்சம் டன்னின் எடை. அப்படி ஒரு கூலூமை எந்த மேசையிலும் குவித்துவைக்க முடியாது. நம் கைக்கு எட்டும் கணக்கு வேறு: 10 நானோகூலூம் கொண்ட இரண்டு சிறு உருண்டைகள், 10 சென்டிமீட்டர் இடைவெளி. விசை 9 × 10⁻⁵ நியூட்டன். ஏ-நான்கு தாளிலிருந்து ஒரு சென்டிமீட்டர்ச் சதுரமாக வெட்டிய துண்டின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான். காகிதத் துண்டு ஏன் துள்ளுகிறது, புத்தகம் ஏன் துள்ளுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் கண்டதில்லை.

மதிப்பெண் போகும் இடங்கள் மூன்று. சென்டிமீட்டரை மீட்டராக்காமல் இருமடி எடுத்தால் விடை பத்தாயிரம் மடங்கு பிசகும். மைக்ரோ என்றால் 10⁻⁶, நானோ 10⁻⁹, பிக்கோ 10⁻¹². மின்னூட்டம் இரண்டு என்பதால் அடுக்கும் இரண்டு முறை வரும். மூன்றாவது, குறி. எதிர் மின்னூட்டத்தின் கழித்தல் குறியைச் சூத்திரத்துக்குள் போட்டு, வந்த குறியைத் திசை என்று நம்பாதீர்கள். அளவை மட்டும் கணக்கிடுங்கள். படம் வரைந்து, அம்புக்குறியைக் கையால் போடுங்கள். மூன்று மின்னூட்டங்கள் வந்துவிட்டால் படம் இல்லாமல் பேனாவை நகர்த்தவே கூடாது.

5. மின்புலம்: இடத்துக்கு உரியது

என் முதல் பெரிய தடை இங்கே இருந்தது. விசைக்கும் புலத்துக்கும் சூத்திரம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறதே, எதற்கு இரண்டு? அக்காள் மகளுக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான்: விசைக்கு இருவர் வேண்டும், புலத்துக்கு ஓர் இடம் போதும். ஒரு மின்னூட்டத்தை ஓரிடத்தில் வைத்ததும் சுற்றிலும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் மாறிவிடுகிறது. அந்தப் புள்ளியில் இன்னொரு மின்னூட்டம் வந்து நின்றால் ஒரு கூலூமுக்கு எத்தனை நியூட்டன் விசை, எந்தப் பக்கம் என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது. யாரும் வந்து நிற்காவிட்டாலும் அது இருக்கிறது.

ஒரு கேள்வியால் உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். புலம் என்பது விசையைச் சோதனை மின்னூட்டத்தால், அதாவது அந்தப் புள்ளியில் வைத்துப் பார்க்கும் மின்னூட்டத்தால், வகுத்தது. அப்படியானால் சோதனை மின்னூட்டத்தை இருமடங்காக்கினால் புலம் பாதியாகுமா? ஆகாது, விசையும் கூடவே இருமடங்காகிவிடும். சூத்திரத்தில் ஒரு எழுத்து கீழே இருக்கிறது என்பதற்காக, விடை அதைச் சார்ந்தது என்று எண்ணிவிடுவதுதான் இந்தப் பாடம் முழுவதும் நம்மைத் துரத்தும் தவறு. சோதனை மின்னூட்டம் சிறியதாக இருக்கவேண்டும் என்று நூல் சொல்வதற்குக் காரணம் வேறு: பெரிய மின்னூட்டத்தைக் கொண்டுபோனால், புலத்தை உண்டாக்கிய மின்னூட்டங்களே இடம் பெயர்ந்துவிடும்.

புலக்கோடுகள் வரைய ஒருநாள் கொடுங்கள். நேர் மின்னூட்டத்தில் தொடங்கி எதிரில் முடியும், ஒன்றையொன்று வெட்டாது, நெருங்கிய இடத்தில் புலம் வலிது. இவை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது ஒன்று: புலக்கோடு மின்னூட்டம் ஓடும் பாதை அல்ல. அந்தப் புள்ளியில் விசையின் திசையை மட்டும் அது காட்டும். வளைந்த கோட்டின்மேல் விடப்பட்ட துகள், வேகம் பிடித்ததும் கோட்டை விட்டு விலகிவிடும். எலக்ட்ரானுக்கோ விசை அம்புக்கு நேரெதிர்ப் பக்கம்.

புலங்களைக் கூட்டும்போது எண்களைக் கூட்டாதீர்கள், அம்புகளைக் கூட்டுங்கள். எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று. சதுரத்தின் நான்கு முனையிலும் சமமான நேர் மின்னூட்டங்கள். நடுவில் புலம் என்ன? எதிரெதிர் முனைகள் ஒன்றையொன்று அழிக்க, சுழி. இப்போது ஒரு முனையை மட்டும் காலிசெய்யுங்கள். நடுவில் புலம்? மூன்று அம்புகளை உட்கார்ந்து கூட்டவேண்டாம். நான்கும் சேர்ந்து சுழி என்றால், மீதி மூன்றும் தருவது போன ஒன்றுக்குச் சமமாகவும் எதிராகவும் இருந்தாகவேண்டும். ஆகவே புலம் காலி முனையை நோக்கி, ஒரே ஒரு மின்னூட்டம் தரும் அளவுக்கு. இதை அவள் தானே கண்டுபிடித்த மாலையில்தான் பாடம் எங்கள் பக்கம் திரும்பியது.

6. மின்னழுத்தம்: ஏற்ற இறக்கத்தின் கணக்கு

ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று இருக்கும். அந்த எண்ணுக்குத் திசை இல்லை. அந்த ஊரில் நிற்பவர் கனமானவரா, மெலிந்தவரா என்பது பற்றியும் அதற்குக் கவலை இல்லை. அது இடத்தின் எண். மின்னழுத்தமும் அப்படித்தான். ஒரு கூலூம் மின்னூட்டத்தை மிகத் தொலைவிலிருந்து அந்த இடத்துக்கு, வேகம் கூட்டாமல், மெதுவாகக் கொண்டுவந்து வைக்க எத்தனை ஜூல் வேலை செய்யவேண்டும் என்பதுதான் அந்த எண். ஒரு கூலூமுக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வோல்ட்.

சுழி எங்கே என்பது நாம் வைத்துக்கொள்வது. உயரத்துக்குக் கடல்மட்டத்தை வைத்ததுபோல, புள்ளி மின்னூட்டக் கணக்குகளில் முடிவிலாத் தொலைவை வைக்கிறோம்; மின்சுற்றுகளில் பூமியையோ பேட்டரியின் எதிர்முனையையோ வைக்கிறோம். எதை வைத்தாலும் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு மாறாது. மல்டிமீட்டர் காட்டுவதும் அந்த வேறுபாட்டைத்தான். அதில் எப்போதும் இரண்டு முனைகள் இருப்பதன் காரணம் எனக்கு இவ்வளவு காலம் கழித்தே உறைத்தது.

உயரம் மின்னழுத்தம் என்றால், சரிவு மின்புலம். ஒரு மீட்டர் நகர்ந்தால் எத்தனை வோல்ட் மாறுகிறது என்பதே புலத்தின் அளவு. மின்னழுத்தம் மிக விரைவாகக் குறையும் பக்கமே அதன் திசை. அதனால்தான் கூலூமுக்கு நியூட்டன் என்பதும் மீட்டருக்கு வோல்ட் என்பதும் ஒரே அலகாக இருக்கின்றன.

இப்போது அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் கடற்கரையில் அலை தொடும் இடத்தில் உயரம் சுழி. ஆனால் மணல் சரிந்துதான் இருக்கிறது. பந்தை வைத்தால் உருளும். உதகை ஏரியின் நீர்ப்பரப்பு கடல்மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். ஆனால் அங்கே சரிவே இல்லை. உயரம் சுழியாவதும் சரிவு சுழியாவதும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல.

எண்ணில் பாருங்கள். 20 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு நேர் நானோகூலூமும் ஓர் எதிர் நானோகூலூமும். நடுப்புள்ளியில் மின்னழுத்தம் 90 வோல்ட்டும் கழித்தல் 90 வோல்ட்டும் சேர்ந்து சுழி. மின்புலமோ, இரண்டும் ஒரே பக்கம் அம்பு காட்டுவதால், கூலூமுக்கு 900ம் 900ம் சேர்ந்து 1800 நியூட்டன். இரண்டையும் நேர் மின்னூட்டமாக்குங்கள்: இப்போது புலம் சுழி, மின்னழுத்தம் 180 வோல்ட். இந்த நான்கு எண்களையும் உங்கள் கையால் ஒருமுறை போட்டுப்பாருங்கள். ஒப்பித்த பத்துப் பக்கத்தைவிட மேலானது.

பொறிகள்: புலத்தில் தொலைவு இருமடியாக வரும், மின்னழுத்தத்தில் ஒருமடியாக வரும். புலத்தில் குறியைப் படத்தில் பார்க்கச் சொன்னேன். மின்னழுத்தத்தில் குறியை எண்ணோடு சேர்த்தே போடவேண்டும், ஏனென்றால் திசை இல்லாத அதற்கு வேறு போக்கிடம் இல்லை. நேர் மின்னூட்டம் மின்னழுத்தம் குறையும் பக்கம் உருளும். எலக்ட்ரானோ மின்னழுத்தம் கூடும் பக்கம் ஏறும்.

7. தண்ணீர்த் தட்டில் மின்னழுத்தத்தைப் பாருங்கள்

மின்னழுத்தத்துக்கான ஆறு நாளில் ஒரு நாளை இதற்கே கொடுங்கள். தட்டுக்கு அடியில் கிராஃப் தாளை வைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். வடித்த நீர் வேண்டாம். அதில் மின்சாரம் மிகக் குறைவாகக் கடப்பதால் மீட்டர் சரியாகக் காட்டாது. எதிரெதிர்ப் பக்கங்களில் 18 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு அலுமினியப் பட்டைகளை நிறுத்தி, பேட்டரியின் இரு முனைகளை இணையுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை எதிர்ப்பட்டையோடு கவ்விவிடுங்கள். சிவப்பு முனையைச் செங்குத்தாகப் பிடித்துத் தண்ணீரைத் தொட்டால் அந்த இடத்தின் வோல்ட் தெரியும்.

பேட்டரியைத் தவிர வேறு எதையும் இந்தத் தட்டில் இணைக்காதீர்கள். சுவரில் வரும் 230 வோல்ட்டைத் தண்ணீரின் அருகே கொண்டுபோவது உயிர்போகும் காரியம். பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

4 வோல்ட் காட்டும் புள்ளிகளைத் தேடித் தேடி இன்னொரு கிராஃப் தாளில் குறியுங்கள். அவற்றை இணைத்தால் பட்டைக்கு இணையாக ஒரு கோடு வரும். அதுதான் சமமின்னழுத்தக் கோடு. அதன்மேல் முனையை நகர்த்தினால் எண் மாறாது. அதற்குச் செங்குத்தாக நகர்த்தினால் மிக வேகமாக மாறும். புலக்கோடும் சமமின்னழுத்தக் கோடும் செங்குத்தாக வெட்டும் என்ற வரியை இனி மறக்கவே மாட்டீர்கள்.

9 வோல்ட்டை 18 சென்டிமீட்டரால் வகுத்தால் சென்டிமீட்டருக்கு 0.5 வோல்ட் வரவேண்டும். எங்களுக்கு நடுப்பகுதியில் ஏறத்தாழ 0.4தான் வந்தது. சோதனை கெட்டுவிட்டது என்று முதல் நாள் எல்லாவற்றையும் கழற்றிப்போட்டோம். அப்படிச் செய்யாதீர்கள். உலோகமும் நீரும் சந்திக்கும் முகத்தில் நடக்கும் மின்னாற்பகுப்பு கொஞ்சம் வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. அதனால் பட்டையை ஒட்டி எண் திடீரென்று தாவும். நடுவே சீராக இருக்கும். நடுப்பகுதி அளவுகளை மட்டும் எடுங்கள். பட்டையில் குமிழிகள் சேர்ந்தால் பேட்டரியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். பட்டைகளுக்குப் பதிலாக இரண்டு நாணயங்களை வைத்தால் கோடுகள் வளையும். அந்த வளைவுகளை ஃபெட் செயலியின் படத்தோடு ஒப்பிடுங்கள். அன்று மட்டும் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆகும்.

8. நான்கு கட்டம்

ஒரு தாளில் பெருக்கல் குறிபோலப் பிரிக்காமல், கூட்டல் குறிபோல நான்கு கட்டம் போடுங்கள். மேல் வரிசையில் விசை, நிலையாற்றல். கீழ் வரிசையில் மின்புலம், மின்னழுத்தம். மேல் வரிசை, வைக்கப்பட்ட மின்னூட்டத்தையும் சார்ந்தது. கீழ் வரிசை இடத்துக்கு மட்டும் உரியது. இடப் பக்கம் இருப்பவற்றுக்குத் திசை உண்டு; வலப் பக்கம் இருப்பவற்றுக்கு இல்லை. கீழிருந்து மேலே போக, மின்னூட்டத்தால் பெருக்கவேண்டும். வலமிருந்து இடம் போக, தொலைவோடு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கவேண்டும். வேறு எதையும் அதில் எழுதவேண்டாம். எந்தக் கணக்கு வந்தாலும், எந்தக் கட்டத்தைக் கொடுத்திருக்கிறார்கள், எந்தக் கட்டத்தைக் கேட்கிறார்கள் என்று விரலால் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் இது இன்னும் சுவரில் இருக்கிறது.

9. கடத்திக்குள் என்ன நடக்கிறது

கடத்தி என்பது உலோகம்போல எலக்ட்ரான்கள் எளிதில் ஓடக்கூடிய பொருள். அதற்குள் புலம் இருந்தால் எலக்ட்ரான்கள் ஓடும். ஓடி, அந்தப் புலத்தை அழித்த பிறகே நிற்கும். ஆகவே ஓட்டம் நின்றபின் உள்ளே புலம் சுழி, மிகை மின்னூட்டம் முழுவதும் மேற்பரப்பில். உள்ளே மின்னழுத்தமும் சுழி என்று எழுதிவிடாதீர்கள். அது எங்கும் ஒரே எண், அவ்வளவுதான். உதகை ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத் துணுக்குகளை ஸ்டீல் வடிகட்டியால் மூடி, வடிகட்டியைக் கையால் தொட்டுக்கொண்டு, கம்பளியில் தேய்த்த பிவிசி குழாயை மேலே கொண்டுபோங்கள். துணுக்குகள் அசையாது. அதே அளவு பிளாஸ்டிக் வடிகட்டியால் மூடினால் துள்ளும். இடி மின்னலின்போது உலோக உடல் கொண்ட காருக்குள் இருப்பது ஏன் பாதுகாப்பு என்பதும் இதில் அடங்கும்.

பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது கேட்கும் சடசடப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்று தாங்கும் புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட். அதாவது ஒரு மில்லிமீட்டர் மின்பொறிக்கு 3000 வோல்ட். அத்தனை வோல்ட்டும் நம்மை ஒன்றும் செய்யவில்லையே, 230 வோல்ட் மட்டும் எப்படிக் கொல்கிறது? சட்டையில் இருந்த மின்னூட்டம் மிகச் சிறியது. ஒரு கணத்தில் தீர்ந்துவிடும். சுவர் இணைப்போ விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். வோல்ட் என்பது கூலூமுக்கு எத்தனை ஜூல் என்று மட்டுமே சொல்கிறது. எத்தனை கூலூம் என்று சொல்லவில்லை.

10. கடைசி இரண்டு நாளும் தேர்வு நேரமும்

மாநிலத் தேர்வில் இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், மூன்று மணி நேரம். அங்கே தருவிப்புகளைப் படத்தோடு எழுதவேண்டும். ஆகவே இருமுனையின் (சிறு இடைவெளியில் நிற்கும் சமமான நேர், எதிர் மின்னூட்டங்களின்) புலம், மின்னழுத்தம், காஸ் விதியின் (ஒரு மூடிய பரப்பின் வழியே வெளியேறும் புலத்தை உள்ளே இருக்கும் மின்னூட்டத்தோடு இணைக்கும் விதியின்) பயன்பாடுகள் ஆகியவற்றைக் கடிகாரம் வைத்து எழுதிப்பாருங்கள். ஒன்றுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போனால் மறுபடி எழுதுங்கள். நீட் தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்விகள், அதில் இயற்பியல் 45. சரியான விடைக்கு 4, தவறானால் 1 குறையும். அங்கே கைகொடுப்பவை நான்காம் படியின் வாய்க்கணக்கும் எட்டாம் படியின் கட்டங்களும்.

இந்தக் கேள்விகளுக்குக் காகிதம் இல்லாமல் பதில் சொல்லிப்பாருங்கள். ஒரு பொருள் மின்னூட்டம் பெற்ற குழாயால் ஈர்க்கப்படுகிறது. அது மின்னூட்டம் பெற்றதா? தடுமாறினால் மூன்றாம் படி. சோதனை மின்னூட்டத்தை எடுத்துவிட்டால் புலம் என்னவாகும்? ஐந்தாம் படி. எலக்ட்ரான் 50 வோல்ட் இடத்திலிருந்து தானாக 20 வோல்ட் இடத்துக்குப் போகுமா, 80 வோல்ட் இடத்துக்கா? ஆறாம் படி. சதுரத்தின் நான்கு சம மின்னூட்டங்களில் ஒன்றை எடுத்தபின் நடுவில் மின்னழுத்தம் எவ்வளவு மிச்சம்? நாலில் மூன்று பங்கு. புலத்துக்குப் போட்ட அம்புகள் எதுவும் இதற்கு ஏன் வேண்டியதில்லை என்று சொல்லமுடியாவிட்டால் எட்டாம் படிக்குப் போய், சுவரில் இருக்கும் தாளின் வலப் பக்கத்தைத் தொடுங்கள்.